மூன்று மாதம் வந்து பார்க்கக் கூடாதாம்!

கேள்வி:

மேடம், வணக்கம். நான் மின்வாரியத்தில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். திருச்சியில் இருக்கிறோம். எனக்கு 71 வயது, மனைவிக்கு 66. அவளுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டது. எங்கள் மகனுக்கு 36 வயது. அறிவுசார் குறைபாடு 75 சதவீதம் என்று சான்றிதழ் இருக்கிறது. நாலைந்து வார்த்தைதான் பேசுவான். வலிப்புக்கு இரண்டு வேளை மாத்திரை. குளிக்க, சவரம் செய்ய, சாப்பிட ஆள் வேண்டும். போன மாதம் பாத்ரூமில் அவனைப் பிடிக்கப் போய் நானும் சேர்ந்து விழுந்தேன். மகள் பெங்களூரில் இருக்கிறாள். "நான் பாத்துக்கறேன்ப்பா" என்கிறாள். அவளுக்கும் இரண்டு பிள்ளைகள், வேலை.

இரண்டு இல்லங்களைப் பார்த்தோம். ஒன்று ஊருக்கு வெளியே பெரிய கட்டடம். டைல்ஸ், சிசிடிவி, பிசியோதெரபி அறை எல்லாம் உண்டு. 80 பேர் இருக்கிறார்கள். மாதம் 35,000, முன்பணம் 12 லட்சம். முன்பணம் திரும்ப வராது. சேர்த்த பிறகு மூன்று மாதம் நாங்கள் வந்து பார்க்கக் கூடாதாம், அப்போதுதான் செட் ஆவானாம். இன்னொன்று ஒரு வாடகை வீடு. கணவன் மனைவி இருவர் நடத்துகிறார்கள். ஒன்பது பேர். மாதம் 18,000. சிமெண்ட் தரை, கொடியில் துணி, ஒரே சத்தம். அங்கிருந்த ஒருவர் வந்து என் மனைவியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தார். அவள் பயந்துவிட்டாள். எது நல்ல இல்லம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? "நான் இருக்கிற வரைக்கும் எங்கேயும் விடமாட்டேன்" என்று என் மனைவி அழுகிறாள். வழி சொல்லுங்கள்.

பதில்:

ஐயா, வணக்கம். முதலில் அந்த மூன்று மாதக் கட்டுப்பாட்டைப் பேசிவிடுவோம். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

"பெத்தவங்க வந்து வந்து போனா பையன் செட் ஆகமாட்டான்" என்ற வசனத்தை மறுவாழ்வு உளவியலாளராக நான் பல இல்லங்களில் கேட்டிருக்கிறேன். நல்லெண்ணத்தோடு சொல்பவர்களும் உண்டு. ஆனால் உங்கள் மகன் விஷயத்தில் இதற்கு என்ன பொருள் என்று யோசியுங்கள். அவர் பேசுவது நாலைந்து வார்த்தை. பல் வலித்தால் என்ன செய்வார், வலிப்பு வருவதற்கு முன் முகம் எப்படி மாறும், எந்தச் சத்தத்துக்கு மிரளுவார் என்பதெல்லாம் இந்த உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அந்த இரண்டு பேரையும் வாசலில் நிறுத்திவிட்டு, அவரைப் பற்றி ஒன்றுமே தெரியாதவர்களிடம் மூன்று மாதம் விடச் சொல்கிறார்கள். புதிய இடத்தில் ஆபத்து அதிகமாக இருப்பது அந்த முதல் மூன்று மாதத்தில்தான். மாத்திரை நேரம் தவறுவது, சாப்பிடாமல் எடை குறைவது, ஒரு வாரமாக மலம் கழிக்கவில்லை என்பதை யாரும் கவனிக்காமல் விடுவது எல்லாம் அப்போதுதான் நடக்கும். தொண்ணூறாவது நாள் "பையன் நல்லா செட் ஆயிட்டான்" என்று உங்களிடம் சொல்வார்கள். அழுது பார்த்து, யாரும் வரவில்லை என்று ஓய்ந்துபோனவரும் பார்ப்பதற்கு அப்படித்தான் இருப்பார்.

ஒழுங்காக நடக்கும் இல்லம் இதற்கு நேர் எதிராகச் செய்யும். முதல் இரண்டு மூன்று நாள் அம்மாவை வரச்சொல்லி, சோற்றை எந்தப் பதத்துக்குப் பிசைகிறார், எந்தக் கைலி கட்டினால் தூங்குவார், சவரத்தின்போது தலையை எப்படிப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று ஊழியர்களுக்குக் காட்டச் சொல்லும். பிறகு ஒரு பகல், அடுத்து ஒரு ராத்திரி, ஒரு வார இறுதி, ஒரு வாரம் என்று நீட்டும். நடுவில் வீட்டுக்கு வந்து போவார். போகும்போது அழலாம், அழட்டும். திரும்ப வருவார்கள் என்று தெரிந்து அழுவது வேறு.

எனவே பெரிய இல்லத்துக்காரர்களிடம் நேராகக் கேளுங்கள்: "முதல் வாரத்திலிருந்தே வருவோம், சில நாள் சொல்லாமலும் வருவோம், சம்மதமா?" சரி என்றால் மேற்கொண்டு பேசலாம். இழுத்தால் 12 லட்சம் மிச்சம்.

சிசிடிவி, டைல்ஸ், பிசியோதெரபி அறை எல்லாம் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். பணம் கூடினால் பாதுகாப்பும் கூடும் என்று நினைப்பது இயல்புதான். இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகருக்குப் பக்கத்தில் விண்டர்போர்ன் வியூ என்று ஒரு தனியார் மருத்துவமனை இருந்தது. கற்றல் குறைபாடும் (அறிவுசார் குறைபாட்டை அங்கே இப்படித்தான் சொல்வார்கள்) ஆட்டிசமும் உள்ள பெரியவர்களுக்காகவே நடத்தப்பட்டது, 24 படுக்கைகள்தான். ஒரு ஆளுக்கு வாரத்துக்குச் சராசரியாக 3,500 பவுண்டு அரசாங்கப் பணம் போனது. உரிமம் இருந்தது, கண்காணிக்க ஆணையமும் இருந்தது. அங்கே வேலை பார்த்த மூத்த நர்ஸ் ஒருவர் நிர்வாகத்துக்கும் ஆணையத்துக்கும் எழுதிப் பார்த்தும் பலனில்லை. கடைசியில் 2011இல் பிபிசி ரகசியக் கேமராவோடு ஓர் ஆளை ஊழியராக உள்ளே அனுப்பி, அடித்ததையும் உதைத்ததையும் தண்ணீரை ஊற்றியதையும் படம் பிடித்து ஒளிபரப்பிய பிறகுதான் நாடு விழித்தது. 11 ஊழியர்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். 2012இல் ஆறு பேர் சிறைக்குப் போனார்கள். அந்தக் கதையில் என்னை உறுத்துவது ஒரு சின்ன விஷயம். பல குடும்பங்கள் தொலைதூரத்தில் இருந்தன. வந்தவர்களையும் பார்வையாளர் பகுதியோடு நிறுத்திவிடுவார்கள். தங்கள் பிள்ளை தூங்கும் அறையை அவர்கள் பார்த்ததே இல்லை.

நம் ஊர்க் கதையும் உங்களுக்குத் தெரியும். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி விடிகாலை ஏர்வாடியில் ஒரு கொட்டகை எரிந்து, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் செத்தார்கள். அவர்கள் மனநோய் உள்ளவர்கள். உங்கள் மகனின் நிலை வேறு. ஆனால் வாய் பேசி முறையிட முடியாதவர்களை ஒரு இடத்தில் அடைத்துவிட்டு எல்லாரும் போய்விட்டால் என்ன ஆகும் என்பதில் வேறுபாடு இல்லை.

ஆகவே நீங்கள் பார்க்க வேண்டியது கட்டடத்தை அல்ல, ஒரு சாதாரண நாளின் சில மணி நேரங்களை. உங்களைக் காலை 11 மணிக்கு வரச்சொல்லி இருப்பார்கள். அந்த நேரத்தில் எல்லா இல்லமும் நன்றாகத்தான் இருக்கும். எல்லாரும் குளித்து, பவுடர் பூசி, வட்டமாக உட்கார்ந்து மணி கோர்த்துக்கொண்டு இருப்பார்கள். மாலை ஐந்தரையிலிருந்து எட்டு வரை போய் உட்காருங்கள். ஞாயிற்றுக்கிழமை போங்கள். தீபாவளிக்கு மறுநாள் போனால் இன்னும் நல்லது. லீவில் போன ஊழியர்களுக்குப் பதிலாக யார் இருக்கிறார்கள் என்று தெரியும்.

அந்த நேரத்தில் என்ன தெரியும் என்று சொல்கிறேன். நான் பார்த்த ஓர் இல்லத்தில் ராத்திரிச் சாப்பாடு மாலை ஐந்தே கால் மணிக்கு. ஏனென்றால் சமையல்கார அம்மாவுக்கு ஆறு மணிக்கு பஸ். ஆறரைக்கு மாத்திரை, ஏழு மணிக்கு விளக்கு அணைப்பு. நாற்பது வயது ஆண்கள் பன்னிரண்டு மணி நேரம் படுக்கையில். மறுநாள் எட்டரைக்குத்தான் இட்லி. இடையில் பசித்தவர்கள் எழுந்து நடமாடினால் அது "ராத்திரி தூங்காத பிரச்சினை" என்று ரிஜிஸ்டரில் ஏறும். அதற்கு டாக்டர் ஒரு மாத்திரை எழுதுவார். யாரும் கொடுமைக்காரர்கள் இல்லை. சமையல்கார அம்மா பாவம், நல்லவர். ஆனால் அந்த வீட்டின் கடிகாரம் ஊழியர்களின் பஸ் நேரத்துக்கு ஓடியது.

சாப்பாட்டு வேளையில் ஒன்றை மட்டும் கூர்ந்து பாருங்கள்: நின்றுகொண்டு ஊட்டுகிறார்களா, பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டுகிறார்களா? ஒரே ஆள் நாலு பேருக்கு வரிசையாக நின்று ஊட்டினால் வேகம் தன்னால் கூடும். வாயில் இருப்பதை விழுங்குவதற்குள் அடுத்த உருண்டை வந்துவிடும். புரை ஏறும். புரை ஏறிய சோறு நுரையீரலுக்குப் போய் நிமோனியாவாக மாறும். இங்கிலாந்தில் கற்றல் குறைபாடு உள்ளவர்களின் ஒவ்வொரு மரணத்தையும் ஆராயும் திட்டம் ஒன்று 2015இல் தொடங்கியது. அவர்கள் மற்றவர்களைவிடச் சுமார் 20 ஆண்டு முன்னதாகவே இறக்கிறார்கள் என்பதை அது ஆண்டுதோறும் எடுத்துக் காட்டுகிறது. காரணங்களில் புரையேறி வரும் நிமோனியா உண்டு, வலிப்பு உண்டு. மலச்சிக்கல்கூட ஆளைக் கொல்கிறது என்பதைப் பலர் நம்பமாட்டார்கள். குடல் அடைத்து இறந்தவர்கள் இருக்கிறார்கள். எல்லாமே யாராவது பக்கத்தில் உட்கார்ந்து கவனித்திருந்தால் தெரிந்திருக்கக்கூடிய விஷயங்கள்.

பல் துலக்கும் பிரஷ் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். ஆளுக்கு ஒன்று, பெயர் எழுதி, முள் தேய்ந்து இருக்க வேண்டும். புத்தம் புதிய பிரஷ்கள் வரிசையாக இருந்தால் நீங்கள் வருகிறீர்கள் என்று வாங்கி வைத்தது. அவரவர் சட்டை அவரவர் அலமாரியில் இருக்கிறதா, அல்லது சலவைக்குப் பிறகு பொதுக் குவியலில் இருந்து கைக்கு வந்ததை மாட்டிவிடுகிறார்களா? ஜட்டி உட்பட பொதுவாக வைத்திருக்கும் இடங்கள் உண்டு. கழிவறைக்குக் கதவு இருக்கிறதா, குளிப்பாட்டும்போது அதைச் சாத்துகிறார்களா? 36 வயது ஆணை ஊழியர்கள் ஏழெட்டுப் பேர் முன்னால் துண்டோடு வரிசையில் நிறுத்தினால், அந்த இடத்தில் மற்ற விஷயங்களிலும் அவருக்கு மரியாதை கிடைக்காது.

அடுத்தது ராத்திரி. உங்கள் மகனுக்கு வலிப்பு இருப்பதால் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. "இரவில் ஆள் இருக்கிறார்களா?" என்று கேட்டால் எல்லாரும் ஆமாம் என்பார்கள். "நேற்று ராத்திரி யார் டியூட்டி, எங்கே படுத்திருந்தார், இவர்கள் அறைக்கும் அவருக்கும் நடுவில் எத்தனை கதவு?" என்று கேளுங்கள். பிறகு அந்த ஊழியரையே கூப்பிட்டு, வலிப்பு வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். ஒருக்களித்துப் படுக்கவைப்பேன், வாயில் எதையும் திணிக்கமாட்டேன், நேரம் பார்ப்பேன், ஐந்து நிமிடத்துக்கு மேல் போனால் 108ஐக் கூப்பிடுவேன் என்ற அளவுக்கு அவர் சொன்னால் போதும். டாக்டர் எழுதிக்கொடுத்தால் மூக்கில் அடிக்கும் மிடசோலாம் ஸ்பிரே ஒன்றை வைத்திருக்கலாம். அதைப் பயன்படுத்தத் தெரியுமா என்றும் பாருங்கள். கையில் சாவிக்கொத்தைக் கொடுப்பேன் என்று சொன்னால் பயிற்சியே நடக்கவில்லை.

ஊழியர்களைப் பற்றிக் கேட்க ஒரு கேள்வி போதும்: "இங்கே ரொம்ப வருஷமா இருக்கற அக்கா யாரு, அண்ணன் யாரு?" அவரோடு பத்து நிமிடம் பேசுங்கள். எந்தப் பையனுக்கு எது பிடிக்கும் என்று அவர் கேட்காமலே சொல்ல ஆரம்பித்தால் அந்த வீட்டில் உயிர் இருக்கிறது என்று பொருள். எல்லாருமே நாலைந்து மாதத்துக்குள் வந்தவர்கள் என்றால், உங்கள் மகன் ஆண்டுக்கு மூன்று தடவை புது ஆளிடம் உடம்பைக் கொடுத்துப் பழக வேண்டியிருக்கும். ஊழியர் ஓடிப்போவதற்கு முக்கியக் காரணம் சம்பளம், மறைக்க ஒன்றுமில்லை. பெற்றோரிடம் வாங்கும் பணத்தில் எவ்வளவு கட்டடத்துக்கும் எவ்வளவு ஊழியருக்கும் போகிறது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. சங்கடமான கேள்விதான், கேளுங்கள்.

மாத்திரை விஷயத்துக்கு வருகிறேன். இதைப் பெற்றோர் யாரும் கேட்பதில்லை. "இங்கே இருப்பவர்களில் எத்தனை பேருக்கு மனநல மாத்திரை போகிறது? யார் எழுதினார்? கடைசியாக எப்போது மறுபரிசீலனை செய்தார்?" ரிஸ்பெரிடோன், ஒலான்ஸபின் போன்றவை மனநோய்க்கு அவசியமான மருந்துகள், குறை சொல்லவில்லை. ஆனால் மனநோய் எதுவும் இல்லாமல், சத்தம் போடுகிறார், கையைக் கடிக்கிறார், அடங்கமாட்டேன் என்கிறார் என்பதற்காக மட்டும் அவை கொடுக்கப்படுவது உலகம் முழுக்க நடக்கிறது. இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை 2015இல் கணக்கிட்டபோது, அந்த ஒரு நாட்டில் மட்டும் கற்றல் குறைபாடுள்ள பெரியவர்கள் 30,000 முதல் 35,000 பேர், தேவையான நோய் எதுவும் இல்லாமலே மனநல மருந்துகள் சாப்பிட்டுக்கொண்டு இருந்தார்கள். மறு ஆண்டே அதைக் குறைக்கத் தனி இயக்கம் தொடங்கினார்கள். இந்த மருந்துகளில் சில வலிப்பு வரும் வாய்ப்பைக் கூட்டக்கூடியவை. எனவே உங்கள் மகனுக்குப் புதிதாக எந்த மாத்திரை தொடங்கினாலும் முன்கூட்டியே உங்களிடம் சொல்ல வேண்டும், அவருடைய நரம்பியல் டாக்டரிடமும் கேட்க வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். மாலை வேளையில் இருபது பேர் ஓசையே இல்லாமல், எச்சில் ஒழுக, கால் இழுக்க நடந்தால் "எவ்வளவு அமைதியான இடம்" என்று மயங்கிவிடாதீர்கள்.

திடீரென்று ஒருவர் அடிக்கவோ கடிக்கவோ ஆரம்பித்தால் முதலில் பார்க்க வேண்டியது பல், காது, வயிறு. உங்கள் மனைவிக்கு இது பாடம் எடுக்காமலே தெரியும். இல்லத்துக்குத் தெரியுமா என்று பாருங்கள்.

அப்படியானால் அந்தச் சின்ன வீடு நல்ல இடமா? "ஒரே சத்தம்" என்று எழுதியிருந்தீர்கள். ஒன்பது பேர் இருக்கும் வீட்டில் சத்தம் இருக்கும். கொடியில் துணியும் இருக்கும். அங்கிருந்தவர் உங்கள் மனைவியின் கையைப் பிடித்து இழுத்ததைப் பற்றி நான் தெரிந்துகொள்ள விரும்புவது வேறு. அப்போது ஊழியர் என்ன செய்தார்? "டேய் போடா உள்ள" என்று அதட்டி இழுத்துப் போனாரா? அல்லது "இவர் இன்னார், உங்களுக்குத் தோட்டம் காட்டணும்னு கூப்பிடறார், பிடிக்கலைன்னா கைய எடுத்துக்கோங்க" என்று சொன்னாரா? எந்த விருந்தாளி வந்தாலும் விடாமல் ஒட்டிக்கொள்வது மனித முகத்துக்கு ஏங்குவதன் அறிகுறியாகவும் இருக்கலாம். பயமே இல்லாத வீடு என்பதன் அடையாளமாகவும் இருக்கலாம். மறுபடி போனால்தான் தெரியும். அடுத்த முறை அவர் இழுக்கும் பக்கம் போய்ப் பாருங்கள்.

போகும்போது, பகல் பத்து மணி முதல் நாலு மணி வரை அங்கே இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். டி.வி. முன்னால் உட்கார்ந்திருப்பது ஒரு வேலை இல்லை. அப்படி ஒரு சின்ன வீட்டில் நான் பார்த்தது: ஐம்பதை நெருங்கும் ஒருவர் பீன்ஸ் கிள்ளிக்கொண்டிருந்தார். ஒரு பீன்ஸை ஒடிக்க அவருக்கு அரை நிமிடம் ஆகும். அக்கா எதிரே உட்கார்ந்து தன் பங்கைக் கிள்ளினாரே தவிர, அவர் கையில் இருந்ததைப் பிடுங்கவில்லை. நடுவில் அவர் "போதும்" என்று தட்டைத் தள்ளினார். "சரி, போதும்" என்று அக்கா எடுத்துக்கொண்டார். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் போதும் என்று சொன்னால் நிறுத்துகிறார்கள் என்று தெரிந்த மனிதர், நாளைக்கு யாராவது தொடக்கூடாத இடத்தில் தொட்டாலும் தள்ளிவிடுவார். சாப்பாடு, குளியல், சட்டை என்று எதிலுமே தன் மறுப்புக்கு மதிப்பில்லை என்று பழகிப்போனவரால் அது முடியாது. துன்புறுத்தலைப் பற்றிப் பயப்படும் பெற்றோர் கேமராவைத் தேடுகிறார்கள். நான் அந்த பீன்ஸ் தட்டைத்தான் தேடுவேன்.

சின்ன இல்லங்களின் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். இரண்டு பேரை நம்பி ஓடும் வீடு, அந்த இருவரில் ஒருவர் படுத்தால் ஆடிப்போகும். அந்தத் தம்பதிக்கு என்ன வயது? அவர்களுக்குப் பிறகு யார்? பதிவு செய்த டிரஸ்டா, தனி நபரா? வாடகை வீட்டை உரிமையாளர் காலி செய்யச் சொன்னால் ஒன்பது பேரும் எங்கே போவார்கள்? ராத்திரி கிரில் கேட்டுக்கு உள்பக்கம் பூட்டுப் போட்டால் சாவி யாரிடம், தீ பிடித்தால் இன்னொரு வழி இருக்கிறதா?

காகித விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முக்கியமில்லை என்பதால் அல்ல, சரிபார்ப்பது எளிது என்பதால். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016இன்படி பதிவுச் சான்றிதழ் இல்லாமல் யாரும் இப்படி இல்லம் நடத்தக் கூடாது. சான்றிதழைப் பார்வையில் படும்படி மாட்டிவைக்கவும் வேண்டும். சுவரில் பாருங்கள். தேதி முடிந்திருக்கிறதா என்று உங்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டத்தில் ஓர் ஆசிரமத்திலிருந்து நூற்றுக்கு மேற்பட்டவர்களை மீட்ட பிறகுதான், உரிய அனுமதி இல்லாமல் அது நடந்துவந்தது ஊருக்குத் தெரிந்தது. சேர்ப்பதற்கு முன்பே யாராவது கேட்டிருக்கலாம்.

திரும்ப வராத 12 லட்சத்தைப் பற்றி: இதை "ஆயுள் முன்பணம்" என்பார்கள். அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கொடுத்த பிறகு இல்லம் சரியில்லை என்று தெரிந்தாலும் வெளியே கூட்டிவரக் கை வராது. அந்தத் தயக்கத்தின் மேல்தான் பல இல்லங்கள் ஓடுகின்றன. முன்பணம் வாங்கினால், எத்தனை மாதத்துக்குள் விலகினால் எவ்வளவு திரும்பும், இல்லம் மூடப்பட்டால் என்ன, என்ன காரணத்துக்காக உங்கள் மகனை வெளியே அனுப்புவார்கள் என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். வீட்டையோ நிலத்தையோ இல்லத்தின் பெயருக்கு உயில் எழுதிவைக்க ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். அவர் உயிரோடு இருப்பதால் பணம் வரும் இடத்தில் அவர் இருக்கட்டும். அவர் இறந்தால் லாபம் வரும் இடத்தில் வேண்டாம்.

சட்டப்பூர்வக் காப்பாளர் விஷயம். மகனுக்கு 18 வயது முடிந்ததிலிருந்து, பெற்றோர் என்பதாலேயே நீங்கள் அவருடைய சட்டப்படியான காப்பாளர் ஆகிவிடுவதில்லை. தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999இன் கீழ் ஒவ்வொரு மாவட்டத்திலும் கலெக்டர் தலைமையில் உள்ளூர் அளவிலான குழு ஒன்று இருக்கிறது. அதில் விண்ணப்பித்து நியமனம் வாங்க வேண்டும். மகளையும் சேர்த்து விண்ணப்பிக்க முடியுமா என்று அங்கேயே கேளுங்கள். நியமனமானால் ஆறு மாதத்துக்குள் அவருடைய சொத்து விவரத்தையும், பிறகு ஆண்டுதோறும் கணக்கையும் குழுவிடம் கொடுக்க வேண்டும். மகளிடம் முன்பே சொல்லிவையுங்கள். அதே அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீடு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை உண்டு, வெளிநோயாளிச் செலவுக்கும் கிடைக்கும். சம்பாதிக்க இயலாத மாற்றுத்திறனாளி மகனுக்கு வாழ்நாள் முழுக்கக் குடும்ப ஓய்வூதியம் கிடைக்க வழி இருக்கிறது. நீங்கள் இருக்கும்போதே ஓய்வூதியப் பிரிவில் அவர் பெயரையும் சான்றிதழையும் பதிவு செய்துவிட்டால், உங்களுக்குப் பிறகு உங்கள் மகள் அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டியிருக்காது.

இனி உங்கள் மனைவிக்கு. அம்மா, "நான் இருக்கிற வரைக்கும் விடமாட்டேன்" என்று சொல்கிறீர்கள். உங்களிடமிருந்து அவரைப் பிரிக்கச் சொல்லி நான் எழுதவில்லை. வீட்டிலேயே வைத்துக்கொள்ள முடிந்தால், காலையில் குளிப்பாட்ட ஒரு ஆண் உதவியாளர், பகலில் போய்வர ஒரு பகல்நேர மையம் என்று இன்னும் சில ஆண்டுகள் ஓட்டலாம். குளியலறையில் கைப்பிடியும் ஒரு நாற்காலியும் இந்த வாரமே வேண்டும். ஆனால் நீங்கள் சொல்லும் அந்தத் திட்டத்தில், அவர் இல்லத்துக்குப் போகிற நாள் எது என்று யோசித்தீர்களா? நீங்கள் ஆஸ்பத்திரியில் இருக்கும் நாள், அல்லது காரியம் முடிந்த மறுநாள். அம்மாவும் போய், வீடும் போய், படுத்த கட்டிலும் போய், எல்லாம் ஒரே வாரத்தில். உறவினர்கள் எந்த இல்லத்தில் உடனே இடம் இருக்கிறது என்று போனில் தேடுவார்கள். அப்படி வந்து சேர்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். சாப்பாட்டைத் தள்ளிவிட்டு, வாசலையே பார்த்துக்கொண்டு இருப்பார்கள். அவர்களுக்கு எது பிடிக்கும் என்று சொல்ல ஆளே இருக்காது. நீங்கள் நடமாடும்போதே ஒரு ராத்திரி, இரண்டு ராத்திரி வெளியே தங்கிப் பழகினால், அந்த இடத்தில் உள்ளவர்களுக்கு உங்கள் மகனைச் சொல்லிக்கொடுப்பது நீங்களாகவே இருப்பீர்கள். இல்லத்தில் ஏதாவது சரியில்லை என்றால் கூட்டிவரவும் நீங்கள் இருப்பீர்கள்.

ஒரு நோட்டு வாங்குங்கள். மருத்துவ ஃபைல் வேறு, இது வேறு. வலித்தால் என்ன செய்வார், சந்தோஷத்தில் என்ன சத்தம் போடுவார், எந்த வார்த்தைக்கு அவர் அகராதியில் என்ன பொருள், எந்தப் பக்கம் படுப்பார், இடி இடித்தால் என்ன செய்ய வேண்டும், யாருடைய போட்டோவைக் காட்டினால் சிரிப்பார், எத்தனை நாளுக்கு ஒருமுறை மலம் கழிப்பது அவருக்கு வழக்கம் என்று உங்கள் வார்த்தையிலேயே எழுதுங்கள். எழுத முடியாவிட்டால் மகளிடம் போனில் சொல்லுங்கள், அவர் எழுதட்டும். சவரம் செய்வதையும் சோறு ஊட்டுவதையும் செல்போனில் வீடியோ எடுத்துவையுங்கள்.

ஐயா, உங்கள் நேரடிக் கேள்விக்கு என் பதில்: கடிதத்தில் இருப்பதை வைத்துப் பார்த்தால், வருகைக் கட்டுப்பாட்டை எடுக்காதவரை பெரிய இல்லத்தை நான் கணக்கிலேயே சேர்க்கமாட்டேன். சின்ன வீட்டை நல்லது என்று இப்போதே சொல்லமாட்டேன். மறுபடி பார்க்கத் தகுந்தது என்று சொல்வேன். மூன்றாவதாக ஓர் இடம் பார்க்கவும் தயங்காதீர்கள். உங்கள் பக்கத்துச் சிறப்புப் பள்ளிகளில் உள்ள பெற்றோர் சங்கத்தினரிடம் கேட்டால், விளம்பரத்தில் வராத தகவலெல்லாம் கிடைக்கும். ஏற்கெனவே அங்கே பிள்ளையை விட்டிருக்கும் இரண்டு குடும்பங்களின் எண்ணை இல்லத்திடமே கேளுங்கள். ஒரு வருடத்துக்குள் அங்கிருந்து பிள்ளையைத் திரும்பக் கூட்டிப்போன குடும்பம் யாராவது உண்டா என்றும் கேளுங்கள். அந்தக் குடும்பத்தோடு பேசும் அரை மணி நேரம் மற்ற எல்லாவற்றையும்விடப் பயன்படும்.

உங்கள் மகள் "நான் பாத்துக்கறேன்" என்கிறாரே, அவருக்கும் ஒரு வேலை இருக்கிறது. தம்பியைத் தன் வீட்டில் வைத்துக்கொள்வதாக வாக்குக் கொடுக்க வேண்டாம். எந்த இல்லமாக இருந்தாலும் மாதம் ஒரு முறை, தேதி சொல்லாமல், மாலை ஆறு மணிக்கு வந்து தம்பியோடு ஒரு மணி நேரம் உட்கார முடியுமா என்று கேளுங்கள். பெங்களூரிலிருந்து முடியாது என்றால், அவருக்குப் பதிலாக வர ஒரு மாமாவோ சித்தியோ திருச்சியில் இருக்கிறார்களா என்று பாருங்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை மாலை அந்தச் சின்ன வீட்டுக்குப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். பார்த்ததை எனக்கு எழுதுங்கள்; குறிப்பாக, ராத்திரி டியூட்டி யார் என்பதையும் எத்தனை மணிக்குச் சாப்பாடு போட்டார்கள் என்பதையும்.